பேரில் இருக்கிற மரத்தைக் கரையில் வைப்போம்

ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றி இருக்கிற ஊர்ப் பேர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆற்றோடு மேலே போனால் மருதூர். தாமிரபரணியின் ஏழாவது அணைக்கட்டு அங்கேதான். பக்கத்திலேயே திருப்புளிங்குடி, நவதிருப்பதிகளில் ஒன்று. தென்கரையில் கடம்பாகுளம். தூத்துக்குடிப் பக்கம் திரும்பினால் அத்திமரப்பட்டி. ஆறு போய்க் கடலில் விழுகிற இடம் புன்னைக்காயல். மருது, புளி, கடம்பு, அத்தி, புன்னை. பேரைச் சொன்னாலே மரம் வாயில் வருகிறது.

இன்றைக்கு அதே பாதையில் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால், புளி கண்ணில் படும். மற்ற நாலையும் தேடித்தான் பார்க்கணும். வழி நெடுக முதலில் வந்து நிற்பது சீமைக்கருவேல். ஊருக்குப் பேர் கொடுத்த மரங்களை ஊருக்குள் திரும்பக் கொண்டுவர முடியுமா, கொண்டுவந்தால் விவசாயிக்கு என்ன லாபம், என்ன நட்டம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் வடகால் பாசனத்தில் விவசாயம் பார்க்கிறவன். தாமிரபரணியின் எட்டாவது, கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அதிலிருந்து வடகால், தென்கால் என்று ரெண்டு வாய்க்கால் பிரிகிறது. பிசானத்துக்கு நெல், மீதி நிலத்தில் வாழை. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் விட்டுப் பன்னிரண்டு வருசம் ஆகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், எண்ணூறு பேரோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. எங்கள் வாழை மொத்தமும் சாய்ந்தது. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் வயலை ஒட்டின வாய்க்கால் கரையில் நடந்து பார்த்தேன். பழைய நாவல் மரம் ரெண்டும், ஒரு மருதும், வரிசையாக நாலைந்து புங்கையும் நின்ற இடத்தில் கரை அரித்திருந்தது, ஆனால் உடையவில்லை. மொட்டையாகக் கிடந்த இடத்தில் ரெண்டு உடைப்பு. எங்கள் கரையில் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 95 சென்டிமீட்டர் மழைக்கு மரம் மட்டுமே பதில் ஆகிவிடாது. தூர் வாரணும், கரையைப் பலப்படுத்தணும், மடைகள் ஒழுங்காக இருக்கணும். ஆனாலும் வேர் இருக்கிற மண்ணுக்கும் வேர் இல்லாத மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்கு நன்றாகத் தெரிந்தது.

பிறகு மண்ணைக் கொட்டி உடைப்பை அடைத்தார்கள். புதுக் கரை வெறும் மண்ணாகக் கிடந்தது. அதில் என்ன வைப்பது என்று பேச ஊரில் இருபது முப்பது பேர் கூடினோம்.

அண்ணாச்சியின் கேள்வி

கூட்டத்தில் மூன்று விதமான பேச்சு வந்தது. இளவட்டப் பையன்கள், “சீக்கிரம் நிழல் வாரது மாதிரி, பூப் பூக்கது மாதிரி வைப்போம்” என்றார்கள். நர்சரியில் சுலபமாகக் கிடைக்கிறது குல்மொஹர், தூங்குமூஞ்சி, கோனோகார்பஸ். குல்மொஹருக்குப் பூர்வீகம் மடகாஸ்கர். தூங்குமூஞ்சிக்குத் தென் அமெரிக்கா. கோனோகார்பஸை நட்டுப் பெருக்கிவிட்டு, ஆட்சேபம் கிளம்பி, 2023-இல் குஜராத் அரசே அதை வைக்கக் கூடாது என்று தடை போட்டது.

நாங்கள் சில பேர், “மருது, புங்கை, நாவல் வைப்போம், பறவையும் வரும், கரையும் நிற்கும்” என்றோம்.

அடுத்த வயல்காரர் ஒரு அண்ணாச்சி. அறுபத்தஞ்சு வயசு. நல்ல சம்சாரி. அவர் எழுந்திருந்து கேட்டார்: “மரத்தை வச்சா நிழல் விழும். நிழல்ல கதிர் பிடிக்காது. குருவி வந்து நெல்லத் தின்னும். மயிலு வேற கூட்டங்கூட்டமா வருது. நீரு பறவை பாத்து ரசிக்கதுக்கு நான் எதுக்குவே நட்டப்படணும்?”

சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயமான கேள்வி அது. மரம் வளர்ப்பு என்று பேசுகிற கட்டுரைகள் பல இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போய்விடுகின்றன. காட்டைப் பற்றிப் பேசுவது சுலபம். ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறவன் வரப்பில் ஒரு மரம் வைப்பது வேறு. ஆகவே அண்ணாச்சியின் கேள்வியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

நிழல் எந்தப் பக்கம் விழும்?

நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. அதனால் பிசான சாகுபடிக் காலத்தில், ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும், மதியச் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். நிழல் வடக்கே விழும். மார்கழி மாதம் உச்சி வேளையில் 30 அடி மரத்தின் நிழல் வடக்கே ஏறத்தாழ 19 அடி போகும். கார் சாகுபடியில், ஆனி மாதத்தில், சூரியன் கொஞ்சம் வடக்கே இருப்பதால் அதே மரத்தின் உச்சிவேளை நிழல் தெற்கே எட்டு அடிதான்.

அப்படியானால் என்ன செய்யணும்? வயலுக்கு வடக்கே வாய்க்காலோ பாதையோ இருந்தால் அந்த வடக்குக் கரையில் மரம் வைக்கலாம். நெல்லுக்கு முக்கியமான காலத்தில் நிழல் வயலுக்கு வெளியே, தண்ணீர் மேலேயோ பாதை மேலேயோ விழும். வடக்கே இன்னொருவர் வயல் இருந்தால் அவரிடம் பேசாமல் பெரிய மரம் வைக்கக் கூடாது. தெற்கு வரப்பில் பெரிய மரம் வேண்டாம். வைத்தால் பூவரசு, புங்கை மாதிரித் தழைக்கு வெட்டுகிற மரமாக வைத்து, நாற்றங்காலுக்கு முன்பு கழித்துவிட வேண்டும். புங்கந்தழையும் பூவரசந்தழையும் சேற்றில் மிதித்து வயல் செய்தவர்கள்தான் நம் தாத்தாமார். அந்தக் கழிப்பே உரமாகவும் ஆச்சு, நிழலுக்கு மருந்தாகவும் ஆச்சு.

வாழைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு. காற்றுக்கு வாழை சாய்கிறதுதான் நமக்குப் பெரிய நட்டம். காற்று வருகிற மேற்குப் பக்கம் அடர்த்தியாக ஒரு மரவரிசை நின்றால் அது தடுப்பு.

வருகிற பறவை என்ன தின்கிறது?

“குருவி நெல்லத் தின்னும்” என்று அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. தூக்கணாங்குருவியும் சில்லையும் கதிர் முற்றும்போது தின்னும். ஆனால் தூக்கணாங்குருவி குஞ்சுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது நெல் இல்லை, புழுவும் பூச்சியும். அது கூடு கட்ட நம் பக்கத்தில் தேடுவது பனையையும், தண்ணீருக்கு மேல் தாழ்ந்து தொங்குகிற கிளையையும்.

மற்றப் பறவைகளைப் பாருங்கள். இரட்டைவால் குருவி (கரிச்சான்) நெல்லைத் தொடாது. பறக்கிற பூச்சியை அந்தரத்தில் பிடித்துத் தின்னும். தண்டுத்துளைப்பானின் தாய் அந்துப்பூச்சியை அது பிடித்தால், நமக்கு ஒரு முட்டைக் குவியல் மிச்சம். அதற்கு வேண்டியது உட்கார ஒரு இடம். அதனால்தான் வயலில் ஏக்கருக்குப் பதினைந்து, இருபது பறவைத் தாங்கி நடச் சொல்கிறோம். வரப்பில் ஒரு மஞ்சணத்தி நின்றால் அது நிரந்தரத் தாங்கி.

நத்தைகுத்தி நாரைக்குப் பேரிலேயே வேலை இருக்கிறது. அதன் அலகு ரெண்டும் நடுவில் சேராது, இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து உள்ளே இருக்கிறதை எடுக்கத் தோதான அலகு. வயல் நண்டையும் விடாது. வரப்பில் பொந்து போட்டுத் தண்ணீரை ஒழுகவிடுகிற நண்டோடு மல்லுக்கட்டினவர்களுக்கு இந்தப் பறவையின் அருமை புரியும். உழவு ஓட்டும்போது டிராக்டர் பின்னாலேயே வருகிற உண்ணிக்கொக்கு, சேற்றில் அரிவாள் மாதிரி வளைந்த மூக்கை விட்டு விட்டு எடுக்கிற அரிவாள்மூக்கன், புல் ஓரத்தில் வெட்டுக்கிளி தேடுகிற மைனா, வேலிக்குள் தத்தித் தத்திப் போகிற செம்போத்து, எல்லாமே கூலி கேட்காத ஆட்கள்.

ராத்திரி ஷிஃப்டுக்குக் கூகை. வெள்ளை முகம், இதய வடிவம். எலிதான் அதற்குப் பிரதான உணவு. எலிக்கு விஷம் வைத்தால், விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும். அப்புறம் எலி மட்டும் திரும்பி வரும். பழைய ஆலமரப் பொந்திலும், பாழடைந்த கட்டடத்திலும், கோவில் கோபுரத்திலும் குடியிருக்கிற பறவை அது. “அலறினா சாவு விழும்” என்று கல்லெடுத்து எறிகிற வழக்கத்தை நம் வீட்டுப் பிள்ளைகளிடமாவது நிறுத்தணும்.

மயிலுக்கு என்ன பதில்?

இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. மயில் பயிரைத் தின்கிறது, உண்மை. உளுந்து, கடலை, காய்கறி போட்டவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். 1963-இல் தேசியப் பறவை ஆனது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு. விஷம் வைப்பது குற்றம். அதோடு, மயிலுக்கு வைத்த விஷம் மைனாவையும் காடையையும் சேர்த்துக் கொல்லும்.

ஆனால் ஒன்றை யோசிக்கலாம். பகலில் மயில் எங்கே ஒதுங்குகிறது? எங்கள் பக்கத்தில் தரிசிலும் ஓடையிலும் ஆள் நுழைய முடியாமல் அடர்ந்து கிடக்கிற சீமைக்கருவேலுக்குள். அதன் முட்டையையும் குஞ்சையும் தின்கிற குள்ளநரி, காட்டுப்பூனை, கீரி, உடும்பு எல்லாவற்றையும் நாம் அடித்தோம், பிடித்தோம், இடமில்லாமல் செய்தோம். ஒரு பறவை மட்டும் பெருகுகிறது என்றால் மற்றது குறைந்திருக்கிறது என்று அர்த்தம். நாட்டு மரங்களும் புதரும் கலந்து நின்றால் கீரியும் உடும்பும் திரும்ப வரும். இது நாளைக்கே நடக்காது. அதுவரைக்கும் விதைத்த முதல் பத்து நாள் காவல், நாற்றங்காலுக்கு வலை, வயலை ஒட்டின சீமைக்கருவேல் அடர்த்தியைக் குறைப்பது, இதுதான் வழி. அண்ணாச்சியிடமும் இப்படித்தான் சொன்னேன். “அப்ப மயிலுக்கு மருந்து இல்லைங்கியரு” என்றார். “உடனடி மருந்து இல்ல அண்ணாச்சி” என்றேன். அதை ஒப்புக்கொண்டதால்தான் மீதியை அவர் காது கொடுத்துக் கேட்டார் என்று நினைக்கிறேன்.

கரைக்குக் கரை மரம் மாறும்

நாட்டு மரம் என்று சொல்லி எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்திலேயே நாலு விதமான நிலம் இருக்கிறது.

ஆறும் வாய்க்காலும்: மருது, நாவல், நீர்க்கடம்பு, புங்கை, அத்தி, இலுப்பை. இவற்றுக்கு வேரில் ஈரம் இருந்தால் சந்தோசம். அத்தி ஒன்றைத் தனியாகச் சொல்லணும். வருசத்தில் பல தடவை காய்க்கும். அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாக. மற்ற மரம் எதுவும் பழுக்காத மாதத்திலும் குயில், குக்குறுவான், கொண்டைக்குருவி, மைனா, வௌவால் எல்லாவற்றுக்கும் சோறு போடுகிற மரம் அது. இலுப்பைப் பூ மாசி, பங்குனியில் ராத்திரி உதிரும். வௌவால் வந்து பூவைத் தின்று மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். வௌவால் இல்லையென்றால் இலுப்பைக் காய்ப்பும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளம்: உள்வாயில் நாட்டுக் கருவேல், கரையில் பனை, கரை முடிகிற மேட்டில் ஆல், அரசு. தண்ணீருக்கு நடுவே நிற்கிற கருவேல் மேல் கூடு கட்டினால் நாய், பூனை ஏறாது. அதனால்தான் நீர்ப்பறவைகளுக்கு அந்த மரம் பிடிக்கும். சீமைக்கருவேலை அகற்றும்போதும் இதைக் கவனிக்கணும். நல்ல கருவேல் இல்லாத குளத்தில் பறவை சீமைக்கருவேலிலும் கூடு வைக்கும். குஞ்சு பொரித்து வெளியேறிய பிறகு, பகுதி பகுதியாக வெட்டி, வெட்டின இடத்தில் நாட்டுக் கருவேலை வைத்துக்கொண்டே போகணும். ஒரே நாளில் ஜே.சி.பி. விட்டு மொட்டையாக்கினால் பறவைக்கும் இடமில்லை, அடுத்த மழைக்குச் சீமைக்கருவேலே திரும்ப முளைக்கும்.

தேரியும் பொட்டலும்: பனை, உடை, இலந்தை, உசில், விராலி. குடை விரித்த மாதிரி உச்சி தட்டையாக நிற்குமே, அதுதான் உடை. எங்கள் பக்கத்துச் செம்மண்ணுக்கும் பொட்டலுக்கும் அடையாளமே அந்த மரம். அங்கே கொண்டுபோய் மருதை வைத்தால் ரெண்டு வருசத்தில் காயும். ஸ்ரீவைகுண்டம் தாலுகாவில் உள்ள வல்லநாட்டு மலையில் வெளிமான்கள் இருக்கின்றன. 1987-இல் அதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 16 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்த மான்களுக்கு வேண்டியது பெரிய காடு இல்லை. உடையும் விராலியும் ஊடே புல்வெளியும்தான். “பொட்டல்தானே, மரம் வச்சு மூடுவோம்” என்று எல்லாப் பொட்டலையும் மூடுவது வெளிமானுக்கும் காடைக்கும் கௌதாரிக்கும் கேடு. மரம் வைக்காமல் விடவேண்டிய இடமும் உண்டு.

தேரிக்குள்ளும் சோலை உண்டு. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். சுற்றிலும் செம்மணல், நடுவில் சுனை, அதைச் சுற்றி மரக்கூட்டம். பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி தேடிப் போகிற நம் சாஸ்தா கோவில்களில் பலவும் குளத்தங்கரையிலும் காட்டுக்குள்ளும்தான் இருக்கின்றன. விதை எடுக்க நல்ல தாய்மரம் தேடுகிறவர்கள் முதலில் போக வேண்டிய இடம் இந்தக் கோவில்கள்தான்.

கடற்கரை: புன்னை. உப்புக்காற்றைத் தாங்கும். கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெய் விளக்குக்கும் ஆச்சு, மரம் தோணி வேலைக்கும் ஆச்சு. முத்துக்குளிப்புத்துறை ஊர்க்காரர்கள் அந்த மரத்தின் பேரில் ஊர் வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

புளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாவரவியல்காரர்கள் அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்கிறார்கள். ஆனால் ஆழ்வார்திருநகரிக் கோவிலில் நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்கிற உறங்காப்புளி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. அந்த மரத்தை யாராவது வெளிநாட்டு மரம் என்று சொல்லி வெட்ட வருவார்களா? நாட்டு மரம் என்றால் பிறப்புச் சான்றிதழ் கேட்கிற விசயம் இல்லை. அந்த மரத்தில் யார் தின்கிறார்கள், யார் கூடு கட்டுகிறார்கள், மற்றதை வாழ விடுகிறதா என்று பார்க்கணும். அந்தக் கேள்விக்குப் புளி நன்றாகவே பதில் சொல்லும். சீமைக்கருவேல் சொல்லாது.

பறவையோடு வாழ்கிற ஊர்கள்

“இதெல்லாம் நடக்குமா?” என்று கேட்பவர்களுக்கு நம் ஆற்றின் மேல்பகுதியிலேயே ஓர் ஊர் இருக்கிறது. திருப்புடைமருதூர். தாமிரபரணிக் கரையில் நாறும்பூநாதர் கோவில். தல மரம் மருது. கோவிலைச் சுற்றி நிற்கிற மருத மரங்களில் சங்குவளை நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். எச்சம் விழும், நாற்றம் அடிக்கும், குஞ்சு தவறிக் கீழே விழும். அந்த ஊர் மக்கள் விரட்டவில்லை. 2005-இல் அந்த இடம் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பளவு எவ்வளவு தெரியுமா? 2.84 ஹெக்டேர். ஏழு ஏக்கர். ஒரு நடுத்தர விவசாயியின் நிலம் அளவுதான். நூறு ஏக்கர் இருந்தால்தான் ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை போய் வாருங்கள்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள்ளேயே, வீட்டுப் பின்கட்டு மரத்திலேயே கூடு வைக்கும். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்தும் அங்கே வரும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று இந்த ஊர்ச் சம்சாரிகளுக்குத் தெரியும்.

வறண்ட நிலத்துக்கும் உதாரணம் உண்டு. 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, ரசாயன வழி மானாவாரிக்கு உதவாது என்று பார்த்து வெளியே வந்தவர் நம்மாழ்வார் ஐயா. பிற்பாடு அவரும் நண்பர்களும் புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் கொழுஞ்சிப் பண்ணையை உருவாக்கி, புல்லும் முளைக்காத நிலத்தில் மரத்தை எழுப்பிக் காட்டினார்கள். மரம் வந்த பிறகு பறவை வந்தது. பறவை போட்ட எச்சத்தில் மனுசன் வைக்காத மரமும் முளைத்தது.

சும்மா இருந்து பார்க்கிறது

லாப நட்டக் கணக்கே பேசிக்கொண்டிருந்தேன். இனி ரசிப்பதைப் பற்றியும் சொல்லணும். அண்ணாச்சி அதைக் குறையாகச் சொன்னார். எனக்கு அது குறையாகப் படவில்லை. விவசாயத்தில் கையில் நிற்கிற காசு எவ்வளவு என்று நம் எல்லோருக்கும் தெரியும். வயலுக்குப் போனால் மனசு நிறைகிறது என்ற ஒன்றும் இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் எதற்காக வயலுக்கு வருவார்கள்?

எங்கள் கரையில் ஒரு வருசம் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். மாசியில் புங்கை இலை உதிர்த்து, பங்குனியில் பளபளவென்று புதுத் தளிர் விடும். வெயில் ஏற ஏறப் பச்சை கூடுகிற மரம் அது. சித்திரையில் வேம்பு பூத்துத் தேனீ இரைச்சல். வாகை பூத்தால் ராத்திரி மணம் தெரு வரைக்கும் வரும். ஆனி, ஆடியில் நாவல் பழம். கீழே பிள்ளைகள், மேலே கிளி, ராத்திரி வௌவால். அந்த மாதம் எங்கள் மதினி வாசல் கழுவிக் கழுவி, “இந்த வௌவாலுக்கு வேற வீடே கிடைக்கலியா” என்று வைவார்கள். ஆனாலும் முதல் கூடைப் பழம் அவர்கள் வீட்டுக்குத்தான் போகும். ஐப்பசியில் மழை விழுந்ததும் தவளைச் சத்தம், தட்டான் கூட்டம். மார்கழி, தையில் குளத்தில் வெளியூர் வாத்துகள்.

தை மாதத்தில் ஒரு நல்ல வாய்ப்பும் இருக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011-லிருந்து வருசாவருசம் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், ஊர்க்காரர்கள் யாரும் சேரலாம். பறவையின் பேர் தெரியாமல் போனாலும் பரவாயில்லை. எண்ணத் தெரிந்தால் போதும், பேர் தானாக வந்துவிடும்.

நிலம் இல்லாதவர்களும் ரசிக்கலாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் கறுப்பும் மஞ்சளுமாக வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும். இலையைப் புழு தின்கிறது என்று நசுக்காதீர்கள். நாலு இலை போனால் போகட்டும். எருக்கைப் பிடுங்காமல் ஒரு மூலையில் விட்டால் ஆரஞ்சு நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட பூச்சி வரும். ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றுங்கள். ஒரு கல்லையும் உள்ளே போடுங்கள், சின்னக் குருவி நின்று குடிக்கத் தோதாக இருக்கும்.

விதை, குழி, வேலி

நாட்டு மரக் கன்று நர்சரியில் கிடைக்காது என்று விட்டுவிட வேண்டாம். விதை நம் காலடியில் கிடக்கிறது.

நாவல், வேம்பு, இலுப்பை: இந்த விதைகள் வைத்திருந்தால் முளைப்பு போய்விடும். பழம் விழுந்த வாரத்திலேயே சதையைக் கழுவிப் பையில் போட்டுவிடணும்.

மருது: காய்ந்த காயை ரெண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு ஊன்றலாம்.

புன்னை: ஓடு கெட்டி. பருப்புக்கு அடிபடாமல் லேசாகத் தட்டி விரிசல் விட்டு ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும்.

புங்கை: நெற்றை உடைத்து விதையை நேரே கரையிலேயே ஊன்றலாம்.

அத்தி, ஆல், அரசு: விதை கடுகை விடச் சின்னது. பழைய சுவரிலும் பனை இடுக்கிலும் பறவை போட்டு முளைத்த கன்றைப் பக்குவமாக எடுத்து வையுங்கள். போத்து வெட்டி நட்டாலும் வரும்.

பனை: பைக் கன்று வேண்டாம். ஆவணி, புரட்டாசியில் கொட்டையை நேரே குழியில் போடணும். முதல் வேர் ஆழமாகக் கீழே போகிற பயிர் அது. 2021-இல் அரசு அறிவித்தபடி, பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும். இருக்கிறதைக் காப்பாற்றுவது அதைவிட முக்கியம்.

நடுகிற காலம் புரட்டாசிக் கடைசி, ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை பாதி வேலையைப் பார்க்கும். அதன் பிறகு வருகிற முதல் கோடைதான் கண்டம். மாசியிலிருந்து ஆனி வரைக்கும் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள். ஆட்டுக்கு உடைமுள், இலந்தைமுள் வேலி போதும்.

வாய்க்கால் கரையில் வைப்பதற்கு முன்பு நீர்வளத் துறைக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கணும். ரெண்டு கரையிலும் வைக்காதீர்கள். ஒரு கரையில் மரம், இன்னொரு கரை தூர் வாருகிற வண்டி போகக் காலியாக இருக்கட்டும். வெளிச்சரிவின் அடியில் வைப்பது நல்லது. மடைக்கும் மதகுக்கும் பக்கத்தில் பெரிய மரம் ஆகாது, வேர் கட்டுமானத்தைத் தூக்கும்.

எங்கள் ஊரில் என்ன முடிவாச்சு என்று கேட்பீர்கள். வடக்குக் கரையில் மட்டும், முப்பது அடிக்கு ஒன்றாக, மருது, நாவல், புங்கை, நீர்க்கடம்பு என்று நாற்பது கன்று. அண்ணாச்சி வயலுக்கு வடக்கே உள்ள கரையிலும் உண்டு. அவர் போட்ட நிபந்தனை ரெண்டு: புங்கையைத் தழைக்கு வெட்டுகிற உரிமை பக்கத்து வயல்காரனுக்கு, ஒரு கன்று பட்டுப்போனால் வைத்தவனே மறுகன்று வைக்கணும். ரெண்டும் நியாயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இந்தக் கோடை தாண்டி முப்பத்தாறு கன்று நிற்கிறது. நாலுக்கு மறுகன்று தயாராக இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பேரில் என்ன மரம் இருக்கிறது? ஆலங்குளம், அரசூர், வாகைகுளம், இலந்தைகுளம், நாவலூர் என்று தமிழ்நாடு முழுக்க மரத்தின் பேரில்தான் பாதி ஊர் இருக்கிறது. பெரியவர்களிடம் கேளுங்கள், எந்தக் கரையில் நின்றது, எப்போது போச்சு என்று சொல்வார்கள். அந்த மரத்தின் விதையைத் தேடி இந்த ஐப்பசிக்குள் ஒன்றை வையுங்கள். ஒரு ஊருக்கு ஒரு மரம் என்று தொடங்கினால்கூடப் போதும். மிச்சத்தைப் பறவை பார்த்துக்கொள்ளும்.